இரவல் கொடுத்த இரட்டைக் குழல்

1. கோயிலில் இருக்கிறது

“துப்பாக்கி எங்கே?” என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார்.

“கோயிலில் இருக்கிறது, துவான்” என்றேன்.

எமர்ஜென்சி காலத்தில் மலாயா முழுக்கத் தேடினாலும் போலீசுக்கு இதைவிட மட்டமான பதிலைச் சொன்ன ஆள் கிடைத்திருக்க மாட்டான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். கூட வந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டார்கள். அன்று ஆயுத பூசை. தோட்டத்துக்கு அரைநாள் லீவு. நான் புது வேட்டி கட்டி, நெற்றியில் பட்டை போட்டு, கையில் பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்றிருந்தேன். போலீசிடம் பொய் சொல்வதற்கு ஏற்ற உடுப்பு இல்லை அது.

இப்போது தோட்ட ஆபீசுகளில் சேரும் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் தெரியாது. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறும் தோட்டாவும் போய்விடக் கூடாது என்று தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு கேட் திறக்கும், மாலை ஆறு மணிக்கு மூடும். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூட வெளியே எடுத்துப் போகக் கூடாது. ஸ்பெஷல் போலீஸ் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத் தூக்கு என்று நான்கு மொழியில் நோட்டீஸ் வந்தது. எங்கள் ஸ்டோர் கதவில் பசை தடவி அந்த நோட்டீஸை ஒட்டியவன் நான்தான். தமிழ் நோட்டீஸில் இரண்டு எழுத்துப்பிழை இருந்ததைப் பேனாவால் திருத்தியும் வைத்தேன்.

அதே கதவு வழியாகத்தான் வாரத்தில் மூன்று நாள் என் துப்பாக்கியை இன்னொருவனுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

2. லைசென்ஸ் எனக்கு, குறி அவனுக்கு

சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். நான் அங்கே ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. உரம், ரப்பர் பால் பிடிக்கும் கித்தா வாளி, கத்தி, மண்ணெண்ணெய் எல்லாம் என் பொறுப்பு. பழைய மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்த வருஷம் அது. பகலெல்லாம் ஆட்கள் கன்று நடுவார்கள். விடிந்து பார்த்தால் பன்றிக் கூட்டம் பாதியைப் பிடுங்கிப் போட்டிருக்கும்.

துரை என்னைக் கூப்பிட்டார். தோட்ட மானேஜர், வெள்ளைக்காரர். இருபது வருஷமாக லயத்தில் கற்ற தமிழ். மரியாதை விகுதி என்று ஒன்று தமிழில் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“கிராணி, உனக்குத் துப்பாக்கி வேணும்” என்றார்.

எனக்கு வேண்டாம் என்றேன். உனக்கு இங்கிலீஷ் தெரியும், மாதச் சம்பளம் வாங்குகிறாய், கம்பிக்குள்ளே குவார்ட்டர்ஸ் இருக்கிறது, போலீஸ் உன் மாதிரி ஆளுக்குத்தான் லைசென்ஸ் கொடுக்கும் என்று விளக்கினார். சுடத் தெரியுமா என்று மட்டும் அவரும் கேட்கவில்லை, போலீசும் கேட்கவில்லை.

‘டுவெல்வ் போர்’ ரக இரட்டைக் குழல் துப்பாக்கி வந்தது. தோட்டா பெல்ட், தோல் பை, முழங்கால் வரை வரும் பூட்ஸ், காக்கித் தொப்பி எல்லாம் சேர்ந்து வந்தன. முதல் நாள் துரை பார்க்க, ஒரு பப்பாளி மரத்தைக் குறிவைத்துச் சுட்டேன். பப்பாளி தப்பித்தது. நான் பின்னால் இருந்த உரமூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். தோளில் கன்றிப்போன இடத்துக்கு என் வீட்டுக்காரி ஒரு வாரம் எண்ணெய் தேய்த்தாள். தேய்க்கும்போதெல்லாம் சிரித்தாள். அத்தோடு நான் சுடுவதை நிறுத்திவிட்டேன்.

பன்றிகள் நிறுத்தவில்லை. அப்போதுதான் பெருமாள் வந்தான்.

பெருமாள் மறுநடவுப் பிரிவில் ஆட்களை மேய்க்கும் மண்டோர். ஆறடி உயரம், காதுவரைக்கும் மீசை. தோட்டத்துப் பந்து டீமில் அவன் கோல்கீப்பர், நான் லெஃப்ட் பேக். என் காலைத் தாண்டி வரும் பந்தையெல்லாம் பிடித்து, அதற்காக ஒரு நாளும் என்னைத் திட்டாதவன். அந்த ஒன்றுக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். ஜப்பான்காரன் காலத்தில் எங்கேயோ துப்பாக்கி பிடிக்கக் கற்றிருந்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

“கிராணியாரே, சும்மா சொவத்துல தொங்குதே, பாவம்லா” என்றான் துப்பாக்கியைப் பார்த்து.

கொடுத்தேன். கேட் திறந்ததும் போனவன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிவதற்குள் ஒரு பன்றியோடு வந்தான். தோட்டத்தில் வேட்டைக்கு ஒரு வழக்கம் உண்டு. சுட்டவனுக்குத் தலையும் ஒரு பங்கும், தூக்கியவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு, துப்பாக்கிக்கு ஒரு பின்னந்தொடை. துப்பாக்கி சாப்பிடாதல்லவா, அதனால் அந்தத் தொடை லைசென்ஸ்காரன் வீட்டுக்கு வரும். என் வீட்டுக்காரி மிளகு தட்டிப்போட்டு வறுப்பாள். சுடாமலே வேட்டைக்காரன் ஆன பெருமையில் நானும் இரண்டு தட்டு சாப்பிடுவேன்.

அப்படியே பழகிவிட்டது. திங்கள், வியாழன், சனி என்று நாள்கூடக் குறித்துவைத்திருந்தோம். தோட்டா ரிஜிஸ்டரில் நான் சுட்டதாக அழகான கையெழுத்தில் எழுதுவேன். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், துரை உள்பட. கேட்டில் நின்ற ஸ்பெஷல் போலீசுக்கும் மாதம் ஒரு பங்கு போனது. இது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்வெட்டும் சங்குளை இரவல் கொடுப்பது மாதிரி, ஏணி இரவல் கொடுப்பது மாதிரித்தான் நினைத்திருந்தோம். நண்பன் கேட்டான், கொடுத்தேன். இதில் என்ன இருக்கிறது?

3. டிரசர் கந்தையாவின் போட்டோ

கொடுக்கும் கை ஒருவரோடு நிற்காது. இரண்டாவதாக வந்தவர் எங்கள் தோட்ட ஆஸ்பத்திரி டிரசர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. கோழி அறுப்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சைவர். அவருக்கு ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை போட்டோ கேட்டு எழுதியிருந்தார்கள்.

அந்த வாரம் ஐ.சி. என்கிற அடையாளக் கார்டுக்குப் போட்டோ எடுக்க டவுனிலிருந்து ஸ்டூடியோக்காரர் தோட்டத்துக்கு வந்திருந்தார். கந்தையா என் ஸ்டோருக்கு ஓடி வந்தார்.

“ஐசே, உம்மட பூட்ஸையும் தொப்பியையும் ஒருக்கால் தாரும். மலாயாவில நான் சும்மா மருந்து கலக்கிக்கொண்டு இருக்கிறன் எண்டு அவையள் நினைக்கக் கூடாது.”

பூட்ஸ் கொடுத்தேன். தொப்பி கொடுத்தேன். பெல்ட் இல்லாமல் தொப்பி நன்றாக இல்லை என்றார், பெல்ட் கொடுத்தேன். துப்பாக்கி இல்லாமல் பெல்ட் எதற்கு என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார், அதையும் கொடுத்தேன். அன்று காலை பெருமாள் சுட்ட பன்றி ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கிடந்தது. கந்தையா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அதன்மேல் ஒரு காலை வைத்தார். “இஞ்ச பாருங்கோ” என்று ஸ்டூடியோக்காரர் அவரைப்போலவே பேசிக் கூப்பிட்டு, திரும்பிய நொடியில் எடுத்துவிட்டார்.

போட்டோ பிரமாதமாக வந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு பிரதி போனது. ஸ்டூடியோக்காரருக்கும் அது மிகவும் பிடித்துப்போய், பெரிதாக்கி டவுனில் தன் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிவிட்டார். அந்தக் கடைக்கு எதிரில்தான் போலீஸ்காரர்கள் காப்பி குடிப்பார்கள் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

4. பூசைக்கு வைத்தவன்

ஆயுத பூசைக்கு முந்தின நாள் பெருமாள் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்லி வைத்துக்கொண்டான். நானும் ஸ்டோர் சாமான்களைக் கழுவிப் பொட்டு வைக்கும் வேலையில் விட்டுவிட்டேன்.

எங்கள் மாரியம்மன் கோயில் கம்பிக்கு வெளியே முப்பது தப்படி தூரத்தில் இருந்தது. கம்பி போட வந்தவர்கள் கயிறு பிடித்து நேர்க்கோடாக அடித்துக்கொண்டே போனதில் அம்மன் வெளியே மாட்டிக்கொண்டாள். அதனால் பூசைக்குத் தனிப் பர்மிட் வாங்கி, ஒரு ஸ்பெஷல் போலீசைக் காவல் நிறுத்தி, பகலிலேயே முடித்துவிடுவோம். பால்வெட்டுக் கத்திகள், வாளிகள், சங்குள்கள், மருந்தடிக்கும் பம்பு, ஆபீஸ் டைப்ரைட்டர், டிரசரின் ஊசிப்பெட்டி, எல்லாம் அம்மன் முன்னால் வரிசையாக இருக்கும். லாரியும் துரையின் காரும் வாசலில் நிற்கும். படைத்த சாமானை அன்று யாரும் தொடக் கூடாது. மறுநாள் காலையில் மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். இது தெரியாத தமிழன் தோட்டத்தில் இல்லை.

கோயிலுக்குள் நுழைந்த நான், கத்திகளுக்கு நடுவில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். என் துப்பாக்கி. கட்டையில் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். குழலைச் சுற்றிச் செவ்வந்திச் சரம். இரண்டு குழல் வாயிலும் ஆளுக்கொரு சின்னக் கஸ்தூரி எலுமிச்சை. தோட்டா பெல்ட்டுக்கும் பூட்ஸுக்கும்கூடப் பொட்டு வைத்திருந்தான்.

பெருமாள் பக்கத்தில் வந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான்.

“எல்லாரும் அவங்கவங்க ஆயுதத்த வச்சிருக்காங்க. நான் மட்டும் வெறுங்கையோட வந்தா ஆத்தா என்ன நெனைக்கும்?”

நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் துரை வந்துவிட்டார். வருஷா வருஷம் அவருக்குத்தான் முதல் மரியாதை. மாலை போட்டுக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், துப்பாக்கி முன்னால் நின்றார். “ரொம்ப அழகு” என்று சொல்லி ஒரு கும்பிடும் போட்டார். துரையே கும்பிட்ட பிறகு நான் என்ன சொல்வது? தீபாராதனை முடிந்தது. பொரிகடலை வாங்கிக்கொண்டு, ஸ்டோரைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூசாரியிடம் பேசிக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

ஸ்டோரில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார்.

5. விரலை எடுங்க

லீவு நாளில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்றுதான் வந்ததாகச் சொன்னார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. பையிலிருந்து என் லைசென்ஸ் நகலை எடுத்து, அதில் ஒட்டியிருந்த என் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

எங்கள் தோட்டத்தை ஒட்டியிருந்த மலாய்க் கிராமமான கம்பத்திலும் பன்றிகள் மரவள்ளியை நாசம் செய்துகொண்டிருந்தன. பெருமாள் அவற்றையும் சுட்டிருக்கிறான். கம்பத்துக்காரர்கள் முஸ்லிம்கள், பன்றியைத் தொடமாட்டார்கள், ஆனால் பயிர் தப்பியதில் அவர்களுக்குச் சந்தோஷம். கம்பத்துத் தலைவர் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய், தோட்டத்து வேட்டைக்காரர் நல்ல மனுஷன், உயரமான ஆள், பெரிய மீசை, அவருக்கு நன்றி சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

நான் ஐந்தடி இரண்டு அங்குலம். மீசை எனக்கு முளைத்ததே இல்லை.

அதற்கப்புறம் காப்பி குடிக்கப் போன இடத்தில் ஸ்டூடியோக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததாகச் சொன்னார். அதே தோட்டம், பெல்ட், பூட்ஸ், ஆனால் மூக்குக்கண்ணாடி போட்ட இன்னொரு ஆள். “இந்தத் துப்பாக்கிக்கு மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்டார்.

கந்தையாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தப் போட்டோவில் அவர் பன்றிக்குப் பயந்து நிற்பது குழந்தைக்கும் தெரியும். பெருமாள்தான். ஸ்டோர் கதவில் நான் ஒட்டிய நோட்டீஸ் இன்ஸ்பெக்டரின் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. அதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான் படித்தேன். இரவல் கொடுத்த எனக்கு லைசென்ஸ் போகும், வேலை போகும், மிஞ்சினால் கொஞ்ச நாள் ஜெயில். வாங்கியவனுக்குக் கழுத்து போகும். இத்தனை மாதமாக நான் பெரிய மனதோடு கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, ஆபத்தை முழுக்க அவன் தோளில் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து தொடை தின்றிருக்கிறேன். இதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

துரையைக் கூப்பிட்டுக்கொண்டு எல்லாருமாகக் கோயிலுக்குப் போனோம். மணி நாலரை. கூட்டம் இன்னும் கலையவில்லை. இன்ஸ்பெக்டர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மாலையும் எலுமிச்சையுமாக இருந்த துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றார்.

“இங்கே வைத்தது யார்?” என்றார்.

“நான்தான், துவான்” என்றேன்.

எடுக்கச் சொன்னார். நாளைக் காலைதான் எடுக்கலாம் என்று பூசாரி குறுக்கே நின்றார். ஆறு மணிக்கு கேட் மூடிவிடும், துப்பாக்கியைக் கம்பிக்கு வெளியே விட்டுப் போக முடியாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். துரை நடுவில் புகுந்து, “பூசாரி, நாளைப் பூசையை இன்னைக்கே போடு. அம்மனுக்கு நான் சொல்றான்” என்றார். பூசாரி முணுமுணுத்துக்கொண்டே கற்பூரம் ஏற்றினார். இன்ஸ்பெக்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார். யாரோ கொண்டுவந்து கொடுத்த வாழைப்பழத்தையும் மறுக்காமல் உரித்துச் சாப்பிட்டார்.

பூசாரி துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டும்படி இன்ஸ்பெக்டர் சொன்னார்.

துப்பாக்கியைத் திறக்க மேலே ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். இது எனக்கு இப்போது தெரியும். அன்று சந்தனம் காய்ந்து அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் துப்பாக்கியைப் புரட்டினேன். குழல் துரையின் வயிற்றுப் பக்கம் போயிற்று. துரை ஒரு எட்டு நகர்ந்தார். குழல் அவரைத் தொடர்ந்து போயிற்று. எதையாவது அழுத்தினால் திறக்கும் என்று நினைத்து, கீழே கைக்கு அகப்பட்டதில் விரலை வைத்தேன்.

“கிராணியாரே, விரல எடுங்க!”

பெருமாள்தான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். வந்தவன் என் பக்கத்தில் நின்று, துப்பாக்கியைத் தொடாமல், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “குழாய தரைக்கு காட்டுங்க. எலுமிச்சய எடுங்க மொதல்ல. இப்ப மேல, கட்டவெரலு பக்கத்துல, அதான், அத வலது பக்கம் தள்ளுங்க” என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தான். துப்பாக்கி மடிந்து திறந்தது. இரண்டு குழலும் காலி. உள்ளே கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. பெருமாளைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார், மீசையிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பெருமாளின் பெண்சாதி கைப்பிள்ளையோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“நீ சுடுவாயா?” என்று இன்ஸ்பெக்டர் அவனைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். துரை என் காலை மிதித்தார். பெருமாள் பதில் சொல்வதற்குள் இன்ஸ்பெக்டரே கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டார். பதில் சொன்னால் நான் அதை எழுத வேண்டியிருக்கும், அதனால் சொல்லாதே என்றார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். துப்பாக்கி தோட்டத்துக் கோயிலில், போலீஸ் காவலில், தெய்வத்தின் முன் இருந்தது. தோட்டா இல்லை. சுத்தமாக இருந்தது. லைசென்ஸ்காரருக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை.

கடைசி வரியை இரண்டு தடவை சொன்னார்.

துப்பாக்கியைத் தாம் எடுத்துப் போவதாகவும், சுடத் தெரிந்த ஒருவர் பெயரில் இரண்டு வாரத்துக்குள் மனு வந்தால் பார்ப்பதாகவும் துரையிடம் சொன்னார். அந்த ஆள் சம்பளக் கிராணியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, அது தோட்டங்களின் வழக்கம்தான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனுப் பாரத்தைப் பல தடவை பூர்த்தி செய்தவன் நான். அப்படி ஒரு நிபந்தனை அதில் இல்லை என்பதை நான் கவனித்ததே இல்லை.

போகும்போது செவ்வந்திச் சரத்தை மட்டும் கழற்றிப் பூசாரியிடம் கொடுத்தார். சந்தனத்தைத் துடைக்கவில்லை. ஜீப்பில் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்த ஸ்டூடியோ போட்டோவைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், பன்றியைவிட அந்த ஆள்தான் பாவமாகத் தெரிகிறார் என்றார்.

கேட் மூடியதும் பெருமாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் அழுதுவிட்டேன். அவனும். என் வீட்டுக்காரி, “ரெண்டு பேரும் அழுதது போதும், வந்து சாப்பிடுங்க” என்று தட்டு வைத்தாள். அன்று பருப்பும் கத்திரிக்காயும்தான்.

6. பேப்பர் அவன் பெயரில்

மனுவை நான்தான் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல கையெழுத்தில் வேறு எதையும் எழுதியதில்லை. துரை சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். கம்பத்துத் தலைவரும் தானாகவே போய்ச் சாட்சி சொன்னார். அதற்குள் பன்றிகள் ஒரு பிளாட் நிலத்துக் கன்றையே தின்று தீர்த்துவிட்டன. துரை தினமும் ஸ்டோருக்கு வந்து, “கிராணி, பன்னிக்கு ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

லைசென்ஸ் வந்தது. தோட்டத்தில் மாதச் சம்பளப் பட்டியலில் இல்லாத ஆளுக்கு வந்த முதல் துப்பாக்கி லைசென்ஸ் அதுதான். பெருமாளுக்குப் படிக்கத் தெரியாது. பேப்பரில் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். துப்பாக்கி வைக்க துரை அவனுக்கு மண்டோர் வீட்டில் பூட்டுப்போட்ட பெட்டி செய்து கொடுத்தார். பின்னந்தொடை அவன் வீட்டுக்கே போயிற்று. கந்தையாவுக்கும் கல்யாணம் ஆயிற்று. பெண் வந்து இறங்கிய மறுவாரம், போட்டோவில் இருந்த வேட்டைக்காரன் எங்கே என்று கேட்டதாக அவரே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

மறுவருஷம் சுங்கை ரம்பாயிலிருந்து என் மச்சான் வந்திருந்தார். டவுனில் கடை வைத்திருப்பவர், எதற்கெடுத்தாலும் பெருமை பேசுவார். இங்கே நான் வேட்டைக்குப் போவேன் என்று முன்பு எப்போதோ கடிதத்தில் எழுதித் தொலைத்திருந்தேன். எங்கே, காட்டுங்கள் மாப்பிள்ளை என்று பிடித்துக்கொண்டார். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. நேரே பெருமாள் வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் துப்பாக்கியைக் கொடு என்றேன். இன்ஸ்பெக்டர் இனி எங்கே வரப்போகிறார் என்றும் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அத்தனை நடந்த பிறகும்.

பெருமாள் வாசற்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“குடுக்க மாட்டேன், கிராணியாரே.”

எனக்குச் சுருக்கென்றது. மச்சான் பக்கத்திலேயே நின்றார். நீ கேட்டபோதெல்லாம் கொடுத்தவன் நான், ஒரு நாள்கூட இல்லை என்று சொன்னதில்லை, அதை மறந்துவிட்டாயா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

“மறக்கல. நீங்க குடுத்தப்பல்லாம் எனக்கு சந்தோஷமாதான் இருந்துச்சு. அந்த நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியல, கிராணியாரே. உங்களுக்குத் தெரியும்” என்றான். குரலில் கோபம் இல்லை. “இப்ப எனக்கும் தெரியும். தெரிஞ்சுகிட்டே உங்க கையில நான் அத எப்படிக் குடுப்பேன்?”

ஒரு வருஷமாக அவன் இதை மனதில் வைத்திருந்திருக்கிறான், ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிறகு அவனே எழுந்து, மச்சானைப் பார்த்து, வாங்க, நான் சுடுறேன், நீங்களும் கிராணியாரும் பையத் தூக்கிக்கிட்டு வாங்க என்று சிரித்தான். போனோம். மச்சானுக்குப் பன்றியும் கிடைத்தது, என்னைப் பற்றிய உண்மையும் கிடைத்தது.

ஸ்டோர் சாவி, லாரி, ஆபீஸ் முத்திரை என்று உங்கள் பெயரில் ஏதாவது ஒன்று இருக்கும். நண்பன் வந்து கேட்பான். கொடுப்பது நல்ல மனசு என்றுதான் உங்களுக்கும் தோன்றும். மாட்டிக்கொண்டால் யாருக்கு என்ன ஆகும் என்று எழுதியிருப்பதை அவன் படித்திருக்க மாட்டான், படித்தவர் நீங்கள். முதலில் அதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்துக் காட்டவில்லை. என் நண்பன் உயிரோடு இருந்தது அவன் அதிர்ஷ்டம். அதற்கப்புறமும் என் நண்பனாக இருந்தானே, அது என் அதிர்ஷ்டம்.